பவுன் கணக்கு பேசும்போது பெண் என்ன செய்வது?

கண்டாங்கி (காரைக்குடி):
வரன் பேச வருகிறவர்கள் யாரும் நேரே கேட்பதில்லை. "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்பார்கள். நாலு நாளில் தரகர் போன் பண்ணி பவுன், வைரம், கார் என்று ஒப்பிப்பார். நிறம் கொஞ்சம் மட்டு என்றால் பத்துப் பவுன் கூட. இதையெல்லாம் காதில் வாங்கும் பெண் தன்னையே மட்டமாக நினைக்காமல் இருக்க என்ன வழி? "தைரியமா இரு" என்று மட்டும் எழுதாதீர்கள்.

தேவகோட்டை ஆச்சி:
ஆத்தா, முதலில் சம்பளத்தை எடுத்து வீசுவதை நிறுத்தச் சொல். "மாசம் அறுபதாயிரம் வாங்குறா, பவுனைக் குறைங்க" என்றால் பெண்ணுக்குப் பரிந்து பேசுவது போலத்தான் இருக்கும். சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும்போது மாட்டின் பல்லைக் காட்டுகிற வேலைதான் அது.

வரன் பார்க்கத் தொடங்குமுன்பே என்ன செய்வது என்று வீட்டுக்குள் முடிவு பண்ணுங்கள். அந்தப் பேச்சில் பெண்ணும் உட்கார வேண்டும். வெளியே பேச ஒரே ஆள். கணக்கு வந்தால் ஒரே வாக்கியம்: "நாங்க பிரியப்பட்டதைச் செய்வோம், கேட்டா செய்யறதா இல்லை." காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்ன இடத்திலிருந்துதான் பேரம் ஆரம்பிக்கும்.

அப்புறம், தரகர் சொன்ன எண்ணைச் சாயந்தரம் பட்டாலையில் (வீட்டுத் திண்ணையில்) உட்கார்ந்து அலசாதீர்கள். "தட்டிப்போச்சு" என்ற சொல்லும் வேண்டாம். "நாம வேண்டாம்னுட்டோம்" என்பதுதானே நடந்தது?

பட்டாலை வாசி:
சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1961 வரதட்சணைத் தடுப்புச் சட்டம் 4ஆம் பிரிவுப்படி கேட்பதே குற்றம். 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை. கொடுப்பதும் வாங்குவதும் 3ஆம் பிரிவு, குறைந்தது 5 ஆண்டு. கேட்டுக் கொடுத்த நகை பெண்ணுக்குத்தான் சொந்தம். வேறு யார் கையில் வாங்கியிருந்தாலும் 3 மாதத்துக்குள் அவளிடம் ஒப்படைக்க வேண்டும். புகாரை மாவட்ட சமூகநல அலுவலரிடம் கொடுக்கலாம், அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181. தரகர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள்.

கண்டாங்கி:
கேட்காமல் நாமாகப் போடும் நகைக்குப் பட்டியல் எழுதினால் சந்தேகப்படுகிறோம் என்று நினைக்க மாட்டார்களா?

தேவகோட்டை ஆச்சி:
கல்யாணத்தில் சீர் சாமானைப் பரப்பிக் காட்டுகிற ஊரில் இதென்ன கேள்வி! மங்குச் சாமான், எவர்சில்வர் தூக்குச்சட்டி வரைக்கும் நோட்டில் ஏற்றுகிறோம். வரதட்சணைச் சட்டத்தின் 1985 விதிகள் கேட்பதும் கிட்டத்தட்ட அதுதான்: பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை, கீழே பெண், மாப்பிள்ளை இருவர் கையெழுத்து. பெண்ணுக்கு வந்ததன் பட்டியல் பெண்ணிடமே இருக்க வேண்டும்.

நோட்டில் "ஆரம் 1" என்று மட்டும் எழுதுவதுதான் பின்னால் வம்பு. கல் எடை போக நிகர எடையைக் கிராமில் எழுதுங்கள். ஹால்மார்க் நகையில் பொறித்திருக்கும் எச்யூஐடியையும் (எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடு, நகைக்கு நகை வேறு) சேருங்கள். லென்ஸ் வைத்தால்தான் தெரியும், கடையிலேயே படித்துக் காட்டச் சொல்லுங்கள். பில் பெண் பெயரில். வைரத்துக்குச் சான்றிதழ் நகல். லாக்கர் மாமியார் பெயரில் மட்டும் இருந்தால் பெண்ணால் தனியாகத் திறக்க முடியாது, அவள் பெயரில் ஒன்று எடுத்துவிடுங்கள்.