சான்று பெற்ற அரிசியைப் பிரித்துப் பொட்டலமிட்டு 'ஆர்கானிக்' என்று விற்றால் என்ன தண்டனை?

கவுனிக்கடை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் மரபு அரிசியும் சிறுதானியமும் விற்கும் சிறிய கடை நடத்தி வருகிறோம். கருப்புக் கவுனியையும் மாப்பிள்ளைச் சம்பாவையும் மொத்த வியாபாரி ஒருவரிடம் 25 கிலோ சாக்குகளாக வாங்கி, ஒரு கிலோ, அரைக் கிலோ பொட்டலங்களாகப் பிரித்து, எங்கள் கடைப் பெயரிலேயே லேபிள் ஒட்டுகிறோம். சாக்கின் மேல் இயற்கை உணவுக்கான 'ஜைவிக் பாரத்' முத்திரையும் சான்று எண்ணும் அச்சிடப்பட்டிருந்ததால், அவ்விரண்டையும் எங்கள் லேபிளிலும் போட்டிருக்கிறோம்.

சென்ற வாரம் உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்கு வந்து கவுனி அரிசியில் மாதிரி எடுத்தார். மொத்த வியாபாரியின் சான்றிதழ் நகலைக் காட்டியபோது, "இது அவருக்குக் கொடுத்த சான்று, பொட்டலம் போடும் உங்களுக்கு எங்கே?" என்று கேட்டார். இதற்கு எந்தச் சட்டத்தின்படி, எவ்வளவு அபராதம் விதிப்பார்கள்? சிறைத் தண்டனை உண்டா? ஆண்டுக்கு 12 லட்சத்துக்குக் குறைவாக விற்பவர்களுக்குச் சான்று பெறுவதிலிருந்து விலக்கு உண்டு என்கிறார்களே, அது எங்களுக்குப் பொருந்துமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வழக்குக்கட்டு (பதில்)

ஐயா, அலுவலர் கேட்ட கேள்வி சரியானதுதான். இந்தியாவில் 'ஆர்கானிக்' என்று சொல்லி உணவுப்பொருள் விற்பதை, உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இன் கீழ் வெளியிடப்பட்டு 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு இயற்கை உணவு ஒழுங்குமுறைகள் கட்டுப்படுத்துகின்றன. அவற்றின்படி அந்தப் பொருள் என்.பி.ஓ.பி. என்ற இயற்கை உற்பத்திக்கான தேசியத் திட்டத்தின் சான்றையோ, விவசாயிகளே ஒருவரையொருவர் ஆய்ந்து உறுதியளிக்கும் பி.ஜி.எஸ். எனப்படும் பங்கேற்பு உத்தரவாத முறையின் சான்றையோ பெற்றிருக்க வேண்டும். விளைந்த வயல்வரை பின்னோக்கித் தடம்காண முடியவும் வேண்டும். என்.பி.ஓ.பி. முறையில் விளைவிப்பவர், அரைப்பவர், பொட்டலமிடுபவர் என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் சான்றுக்குள் இருந்தாக வேண்டும். சாக்கை அவிழ்த்து வேறு பையில் கட்டிய அந்த இடத்தில் உங்கள் சங்கிலி அறுந்துவிடுகிறது. அரிசி அசலாகவே இருக்கலாம், ஆனால் உங்கள் லேபிள் சொல்வதற்குச் சான்று இல்லை.

சட்டம் இதைத் 'தப்புக்குறியீடு' (லேபிளில் தவறான விவரம் தருவது) என்ற வகையில் சேர்க்கும். பிரிவு 52-இன்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். லேபிளைத் திருத்தும்படியோ சரக்கை அழிக்கும்படியோ உத்தரவிடவும் அதே பிரிவு இடம் தருகிறது. வாட்ஸ்அப்பிலோ முகநூலிலோ 'சான்று பெற்றது' என்று விளம்பரம் செய்திருந்தால், பிரிவு 53 தனியாக வரும்; அதன் உச்சவரம்பு 10 லட்சம். இவ்விரண்டு பிரிவுகளிலும் சிறை கிடையாது. நம் மாநிலத்தில் விசாரித்துத் தீர்ப்பளிப்பவர் மாவட்ட வருவாய் அலுவலர். தவறால் கிடைத்த ஆதாயம், வாங்கியவருக்கு ஏற்பட்ட இழப்பு, முன்பும் இப்படி நடந்ததா, தெரிந்தே செய்ததா என்பவற்றைப் பார்த்துத்தான் தொகையை முடிவுசெய்ய வேண்டும் என்று பிரிவு 49 சொல்கிறது. அதனால் விளக்கக் கடிதத்தில் சட்டம் தெரியாது என்று எழுதுவதைவிட, எப்போது வாங்கினீர்கள், எந்த பில், எத்தனை கிலோ என்று கணக்கோடு எழுதுவதே உங்களுக்கு உதவும். விதித்த அபராதத்தைக் கட்டாமல் விட்டால் நில வருவாய்ப் பாக்கிபோல வசூலிப்பார்கள், கட்டும்வரை உரிமமும் நிறுத்தப்படும்.

12 லட்ச விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. தானே விளைவித்ததை நேரடியாக உண்பவருக்கு விற்கும் சிறு விவசாயிக்கும் உற்பத்தியாளர் அமைப்புக்கும் மட்டுமே அதைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களும்கூட 'ஜைவிக் பாரத்' முத்திரையைப் போட முடியாது.

மேட்டுவயல் (பதில்)

மேலே சொன்னது லேபிள் பற்றியது. ஆய்வகத்திலிருந்து வரப்போகும் அறிக்கை அதைவிட முக்கியமானது என்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன். நாங்கள் சான்று பெற்ற விவசாயிகள் குழுவாக இயங்குகிறோம்.

இயற்கை உணவில் பூச்சிக்கொல்லி எச்சம், சாதாரண உணவுக்கு அனுமதிக்கப்பட்ட அளவில் 5 சதவீதத்தையோ, கருவியால் அளந்து சொல்லக்கூடிய குறைந்தபட்ச அளவையோ, இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டக்கூடாது. எச்சம் அந்த வரம்பைத் தாண்டியும் சாதாரண உணவுக்கான வரம்புக்குள் இருந்தால், உண்பவருக்குக் கேடில்லை, ஆனால் 'ஆர்கானிக்' என்ற பெயர் பொய்யாகிவிடும். சாதாரண வரம்பையும் தாண்டினால் அது 'பாதுகாப்பற்ற உணவு'; அப்போதுதான் பிரிவு 59 வருகிறது, சிறையும் வருகிறது. யாருக்கும் உடல் பாதிப்பு இல்லாத நிலையில் 3 மாதம் வரை சிறையும் 3 லட்சம் வரை அபராதமும் என்று 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றியது. முன்பு 6 மாதமும் 1 லட்சமுமாக இருந்தது. ஆய்வகத்தின் அறிக்கை பாதகமாக வந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். இந்த நாட்களைத் தவறவிட்டு வருந்தும் கடைக்காரர்கள் பலர்.

விவசாயி தரப்பில் தண்டனை வேறு மாதிரி. சான்றளிக்கும் நிறுவனம் எச்சரிக்கும், சான்றை நிறுத்திவைக்கும், அல்லது ரத்து செய்யும். பணமாகப் பார்த்தால் இது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் ஓராண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டு, தென்னை போன்ற நீண்டகாலப் பயிருக்கு மூன்று ஆண்டு என்று, வயலை இயற்கை முறைக்கு மாற்றும் காலத்தை மீண்டும் தொடக்கத்திலிருந்து கடக்க நேர்ந்தால், அத்தனை ஆண்டுகளும் விளைச்சலைச் சாதாரண விலைக்கே தள்ள வேண்டும். ஒரு குழுவில் ஒருவர் களைக்கொல்லி அடித்ததை உள் ஆய்வில் மறைத்தால், குழுவின் சான்றே கேள்விக்குள்ளாகும். எங்களுக்குப் பயம் அபராதத்தைக் கண்டு அல்ல, இதைக் கண்டுதான்.

கவுனிக்கடை

இருவருக்கும் மிக்க நன்றி. சாக்கில் இருந்த அரிசியே சான்று பெறாததாக இருந்தால், மொத்த வியாபாரிக்குப் பொறுப்பில்லையா? எங்களிடம் பில் இருக்கிறது. அதில் 'கவுனி அரிசி' என்று மட்டும்தான் இருக்கிறது.

வழக்குக்கட்டு

பொறுப்பு உண்டு. ஆனால் அதை நிறுவ வேண்டியவர் நீங்கள். உணவுப்பொருளை விற்பவர் தன்னிடம் வாங்கும் கடைக்காரருக்கு 'படிவம் இ' என்ற உத்தரவாதத்தைத் தனியாகவோ பில்லிலோ கொடுக்க வேண்டும் என்று உரிம ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. அந்த உத்தரவாதமும், அந்தச் சரக்கு சான்று பெற்றதுதான் என்று ஒவ்வொரு விற்பனைக்கும் தரப்படும் பரிவர்த்தனைச் சான்றும் கையில் இருந்தால்தான், உரிய கவனத்தோடு நடந்தேன் என்ற பிரிவு 80-இன் எதிர்வாதம் நிற்கும். இப்போதே மொத்த வியாபாரியிடம் எழுத்து மூலம் இரண்டையும் கேளுங்கள். அவர் தர மறுத்தால் அந்தக் கடிதமும் உங்களுக்கு ஓர் ஆவணமே. சான்றிதழே போலி என்று தெரியவந்தால், அது உணவுச் சட்டத்தோடு முடியாது. பாரதிய நியாய சம்ஹிதையின் 318(4), 336(3) ஆகிய பிரிவுகளில் ஏமாற்றுதலுக்கும், ஏமாற்றும் நோக்கிலான போலி ஆவணத்துக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. அமெரிக்காவிலும் இதே நிலைதான்: சாதாரண மக்காச்சோளத்தையும் சோயாவையும் ஆர்கானிக் என்று பல ஆண்டுகள் விற்ற மிசௌரி விவசாயி ஒருவருக்கு 2019-இல் 10 ஆண்டு 2 மாதச் சிறை கிடைத்தது, அது ஆர்கானிக் சட்டத்தின் கீழ் அல்ல, மோசடிச் சட்டத்தின் கீழ்.

கடையில் மீதமிருக்கும் பொட்டலங்களை இன்றே விற்பனையிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுத்த தேதியையும் எண்ணிக்கையையும் எழுதி, நியமன அலுவலருக்குக் கடிதமாகக் கொடுத்து ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய அனுமதியோடு முத்திரையும் 'ஆர்கானிக்' என்ற சொல்லும் இல்லாத புது லேபிள் ஒட்டி, வெறும் கவுனி அரிசியாக விற்கலாம். இனிமேல் வாங்கும்போது, சான்று பெற்றவர் கட்டிய ஒரு கிலோ பொட்டலங்களாகவே வாங்கிப் பிரிக்காமல் விற்றால், பொட்டலமிடுவதற்கென்று தனிச் சான்று உங்களுக்குத் தேவைப்படாது. அவற்றை மற்ற அரிசியோடு கலக்காமல் தனித் தட்டில் அடுக்கி வைத்தால் போதும்.