பன்னிரண்டு அலுவலகக் கட்டடங்கள்: கார்பனைக் குறைக்க முதலில் எதில் கை வைப்பது?

நிர்வாகப் பிரிவு (கேள்வி)

எங்கள் நிறுவனத்துக்கு 12 அலுவலகக் கட்டடங்கள். எல்லாவற்றிலும் சில்லர் (நீரைக் குளிர்வித்துக் கட்டடம் முழுக்க அனுப்பும் இயந்திரம்) வைத்த ஏசி. போன ஆண்டே ஏ.எச்.யூ. (குளிர்ந்த காற்றை அறைகளுக்குத் தள்ளும் விசிறிப் பெட்டி) மோட்டார்களுக்கு வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) மாட்டியாயிற்று, ஆனாலும் மின்கட்டணம் அசையவில்லை. விமானப் பயணத்துக்கு டிக்கெட் பில் தொகை மட்டும்தான் கையில் இருக்கிறது. கூரையில் சோலார் போட்டுவிட்டு, மிச்சத்துக்குக் கார்பன் கிரெடிட் (வேறெங்கோ குறைத்த கார்பனுக்கான சான்று) வாங்கலாம் என்கிறது மேலிடம். எங்கே தொடங்கலாம்?

எரிசக்தித் தணிக்கையாளர்

சோலார் பிறகு வரட்டும், முதலில் ராத்திரி லோடைப் பாருங்கள். மாத பில்லில் அது தெரியாது. மீட்டரில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகும் அளவை இரண்டு வாரத்துக்கு எடுத்து வரைபடமாகப் போடுங்கள். வாரத்துக்கு 60 மணி நேரம் அலுவலகம் நடந்தால் மிச்சம் 108 மணி நேரம் கட்டடம் காலி. பகலில் 400 கிலோவாட் இழுப்பது அதிகாலை 3 மணிக்கும் 180 இழுக்கிறதென்றால், அந்த 180 எங்கே போகிறது என்று பிரேக்கர் பிரேக்கராகத் தேட வேண்டும். காலி நேரத்தில் வீணாகும் ஒவ்வொரு 10 கிலோவாட்டும் ஆண்டுக்கு 56,000 யூனிட்டுக்கு மேல்.

பெரும்பாலும் அகப்படுவது இதுதான்: சர்வர் அறைக்குத் தனி ஏசி இருக்காது. அந்த ஒரு அறைக்காகப் பெரிய சில்லர், பம்பு, கூலிங் டவர் எல்லாம் விடிய விடிய ஓடும். அவ்வளவு குறைந்த லோடில் சில்லரின் திறனும் படுத்துவிடும். சர்வர் அறைக்குத் தனி யூனிட் போட்டுப் பெரியதை நிறுத்துங்கள். ரேக்கில் (சர்வர் அடுக்கு) காலி இடங்களைத் தகடு வைத்து அடைத்தால், உள்ளே போகும் காற்று ஆஷ்ரே (அமெரிக்க ஏசி பொறியாளர் சங்கம்) பரிந்துரைக்கும் 18 முதல் 27 டிகிரிக்குள் எளிதாக நிற்கும். 18-லேயே வைத்திருக்கத் தேவையில்லை.

அடுத்தது ஓவர்ரைடு, அதாவது நேர அட்டவணையை மீறி ஏசியை ஓட வைக்கும் கட்டளை. யாரோ ஒருநாள் தாமதமாக உட்கார்ந்ததற்காக பி.எம்.எஸ்.ஸில் (கட்டடக் கருவிகளை இயக்கும் கணினி அமைப்பு) போட்டது அப்படியே கிடக்கும். இரண்டு மணி நேரத்தில் தானாகக் காலாவதியாகும்படி அமையுங்கள்.

ஏசி பராமரிப்பு

வி.எஃப்.டி. மாட்டினால் மட்டும் மிச்சம் வராது, வேகம் குறைந்தால்தான் வரும். டிஸ்ப்ளேயில் எந்நேரமும் 50 ஹெர்ட்ஸ் காட்டுகிறதா? 40-க்கு இறங்கினாலே விசிறியின் மின்தேவை கிட்டத்தட்ட பாதியாகும், ஏனென்றால் அது வேகத்தின் மும்மடியில் குறைகிறது. இறங்காததற்குக் காரணங்கள்: செலக்டர் ஸ்விட்ச் 'ஹேண்ட்'டில் (வேகம் தானாக மாறாத கைமுறை நிலை) கிடக்கும். அல்லது டக்ட் (காற்றுக் குழாய்) அழுத்தத்தின் செட்பாயின்ட் (இலக்கு அளவு), நிறுவிய அன்று வைத்த உயரத்திலேயே இருக்கும். அல்லது அழுத்த சென்சாரின் பிளாஸ்டிக் குழாய் கழன்று, பூஜ்யம் படித்து, டிரைவ் முழு வேகத்தில் துரத்தும்.

வி.ஏ.வி. பெட்டிகள் (ஒவ்வொரு பகுதிக்கும் காற்றின் அளவைக் கூட்டிக் குறைப்பவை) இருந்தால், அவற்றில் அதிகம் திறந்திருப்பதன் டேம்பர் (காற்றுத் தடுப்புக் கதவு) 90 சதவீதத்தை எட்டும்வரை செட்பாயின்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

கேஸ் கசிவையும் விடாதீர்கள், பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஏசியில் நிரப்பும் ஆர்-410ஏ வாயு 10 கிலோ கசிந்தால் ஏறத்தாழ 21 டன் கார்பன்டை ஆக்சைடுக்குச் சமம். ஜெனரேட்டரில் 7,800 லிட்டர் டீசல் எரித்த கணக்கு! சர்வீஸ் சீட்டில் 'கேஸ் டாப்-அப்' என்று எழுதினால் போதாது. எத்தனை கிலோ, எந்த யூனிட், கசிந்த இடம் எது என்று எழுதினால்தான் பில் பாஸ் என்று சொல்லிவிடுங்கள்.

பயணக் கணக்கு

பில் தொகையை வைத்துக் கார்பன் கணக்கிடாதீர்கள். கடைசி நேர டிக்கெட் இரட்டை விலை என்பதற்காக விமானம் இரட்டிப்பாக எரிபொருள் குடிப்பதில்லை. தள்ளுபடி வாங்கினாலும் இதே கோளாறுதான், புகை குறையாமல் எண் மட்டும் குறையும். டிராவல் ஏஜென்ட்டிடம் ஒவ்வொரு கட்டமாக விவரம் கேளுங்கள்: ஏறிய நிலையம், இறங்கிய நிலையம், வகுப்பு, ரத்தானதா இல்லையா.

வகுப்பில்தான் பெரிய குறைப்பு கிடைக்கும். பிரிட்டன் அரசு ஆண்டுதோறும் வெளியிடும் காரணிகளில் நீண்ட தூர பிசினஸ் இருக்கை எகானமியைப் போல ஏறத்தாழ 3 மடங்கு. அது அடைக்கும் இடம் அவ்வளவு. நேரடி விமானம் இருக்கும்போது மாறிப் போக விடாதீர்கள், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் எரிபொருள் கூடுதல்.

கார்பன் கிரெடிட்டை ஸ்கோப் 1, 2, 3 (நீங்களே எரிப்பதும் கசிவதும், வாங்கும் மின்சாரம், பயணம் போன்ற பிற) எண்களிலிருந்து கழித்துக் காட்டக் கூடாது. தனி வரியில் வையுங்கள்.

நிர்வாகப் பிரிவு

மூன்று கட்டடத்தில் ஸ்விட்ச் 'ஹேண்ட்'டில்தான் இருக்கிறது. 'ஆட்டோ'வுக்கு மாற்றினால் கடைக்கோடி அறைகளில் காற்று வரவில்லை என்று புகார் வருகிறதாம்.

ஏசி பராமரிப்பு

சென்சார் விசிறிக்குப் பக்கத்திலேயே இருக்கும், பாருங்கள். அங்கே அழுத்தம் நிறைந்ததும் டிரைவ் வேகத்தைக் குறைத்துவிடும், கடைசி அறை தவிக்கும். டக்ட் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி மாற்றி வையுங்கள். அதற்கு முன் அந்தப் பக்கத்து ஃபயர் டேம்பரை (தீ பிடித்தால் டக்ட்டை மூடும் கதவு) திறந்து பாருங்கள். பாதி விழுந்து கிடந்தால், இத்தனை நாள் முழு வேகத்தில் ஓட்டித்தான் அதைச் சமாளித்திருப்பார்கள்.