5 வயது முடிந்தால் பிள்ளை அப்பாவுக்கா?

பெரம்பூர் பழசு: நேற்று வேளச்சேரிக்காரர் ஒரு முத்து உதிர்த்திருக்கிறார்: "பிள்ளைக்கு 5 வயது வரைதான் அம்மாவுக்கு உரிமை. அப்புறம் அப்பா போய்க் கூட்டி வந்துவிடலாம், கோர்ட்டே தேவையில்லை." அதற்குக் கைதட்டல் வேறு! 1956 இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, 5 வயது முடியாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. முடிந்ததும் அப்பாவிடம் ஒப்படை என்று எங்கே இருக்கிறது? காட்டுங்கள்.

வேளச்சேரி வாசி: அதே 6ஆம் பிரிவில் இயற்கைப் பாதுகாவலர் (கோர்ட் நியமிக்காமலே சட்டம் ஏற்கிற பாதுகாவலர்) அப்பா, அவருக்குப் பிறகுதான் அம்மா என்று இருக்கிறதே. அதை மட்டும் விழுங்கிவிட்டீர்களே சார். வசதியாக.

பெரம்பூர் பழசு: பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் பாடம் வேண்டாம். 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்பா உயிரோடு இருந்தாலும் பிள்ளையைக் கவனிக்காமல் ஒதுங்கியிருந்தால் அம்மா பாதுகாவலராக இருக்கலாம் என்று சொல்லிவிட்டது. அதே 1956 சட்டத்தின் 13ஆம் பிரிவையும் படியுங்கள்: பிள்ளையின் நலன்தான் முதலில். பாரிமுனையில் வக்கீல் குமாஸ்தாவாகத் தலை நரைத்தவன் நான். 5 வயது முடிந்தும் அம்மாவிடமே இருந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கொளத்தூர் அக்கா: சண்டையை விடுங்கள். பிரிகிற நிலையில் இருக்கும் பெண்கள் யாராவது படித்தால்: உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். இலவசமாக வக்கீல் தருவார்கள், சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை.

ஓஎம்ஆர் தம்பி: லட்சத்தில் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கும் இலவசம். ஈஎம்ஐ கட்டியே தேய்ந்துபோன அப்பாவுக்கு ஒன்றும் கிடையாது. நல்ல நியாயம்!

பெரம்பூர் பழசு: தம்பி, 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமான வரம்பு இல்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆணாக இருந்தாலும் வரம்பு இல்லை. மற்ற ஆண்களும் வருமானம் வரம்புக்குள் இருந்தால் கேட்கலாம். படித்துவிட்டுப் புலம்புங்கள்.

ராயபுரம் பீட்டர்: கிறிஸ்தவர்களான எங்களுக்கு அந்த 1956 சட்டமே பொருந்தாதே. 1890 பாதுகாவலர் சட்டம்தான். அப்படியென்றால் இந்த 5 வயதுக் கணக்கு எங்களுக்கு உண்டா இல்லையா? யாராவது சொல்லுங்கள்.

வேளச்சேரி வாசி: பழசு சார், என் தம்பி தன் பெண்ணைச் சனிக்கிழமை மட்டும், அதுவும் கோர்ட் வளாகத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறான். குழந்தைக்கு 7 வயது. 5 எப்போதோ முடிந்துவிட்டது! இதற்கு என்ன பிரிவு சொல்வீர்கள்?

பெரம்பூர் பழசு: நன்றாகப் பாருங்கள். 5 முடிந்தும் குழந்தை அம்மாவிடம்தானே இருக்கிறது? நான் சொன்னதற்கு நீங்களே சாட்சி! சந்திப்பு நேரம் போதவில்லை என்றால் குடும்ப நல நீதிமன்றத்தில் மனுப் போடச் சொல்லுங்கள். வார இறுதி, கோடை விடுமுறை என்று கேட்கலாம். கோர்ட் தேவையில்லை என்று பிள்ளையைப் பள்ளி வாசலில் தூக்கிக்கொண்டு போனால் அந்த அம்மா உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடுவார், பிள்ளையைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி. அப்புறம் உங்கள் தம்பிக்கு அந்தச் சனிக்கிழமையும் இருக்காது.

வேளச்சேரி வாசி: என் தம்பியைப் பிள்ளை பிடிக்கிறவன் என்கிறீர்களா?

ஓஎம்ஆர் தம்பி: குடும்ப நல நீதிமன்றத்தில் வக்கீலே வைக்கக் கூடாதாமே?

பெரம்பூர் பழசு: கூடாது என்று யார் சொன்னது? வக்கீல் வைப்பதை உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். 1984 குடும்ப நல நீதிமன்றச் சட்டம், 13ஆம் பிரிவு. நான் மேலே சொன்ன 13 வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கொளத்தூர் அக்கா: பிள்ளை யாரிடம் இருக்க விரும்புகிறது என்று ஒருவரும் பேசவில்லை. விவரம் தெரிந்த வயது என்றால் அதையும் நீதிபதி கேட்டுப் பார்க்கலாம்.

வேளச்சேரி வாசி: அக்கா, அம்மா சொல்லிக்கொடுத்ததைத்தான் பிள்ளை சொல்லும். பழசு சாருக்கு எப்போதும் தான் சொல்வதுதான் வேதம். தண்ணீர் லாரி விவகாரத்திலும் இப்படித்தான் ஆளுக்கொரு விதி என்று எங்களை அலைய வைத்தார்.

பெரம்பூர் பழசு: லாரிக் கணக்கை நான் ரசீதோடு காட்டினேன். நீங்கள் 5 வயதுக்கு ஒரு வரிகூடக் காட்டவில்லை. 6ஆம் பிரிவு. எடுத்துப் போடுங்கள். காத்திருக்கிறேன்.

ராயபுரம் பீட்டர்: 1890 பற்றி யாராவது?

வேளச்சேரி வாசி: எந்த ரசீது? அதில் கையெழுத்தே இல்லையே!