மறு: பாட்டிலில் செய்த ஈட்டிமுனை – 'கண்ணாடிச் சில்லு' வேண்டாமே

> ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் பாட்டில் கண்ணாடியில் செய்த கருவிகளுக்குக் 'கண்ணாடிச் சில்லு' என்றே தமிழில் பெயர் வைத்துவிடலாமா? எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். காலில் குத்திவிடும் என்று பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பெருக்கிக் கொட்டுகிறோமே, அதுதான் நமக்குக் கண்ணாடிச் சில்லு. ஆய்வாளர்களுக்கு இருக்கும் சிக்கலே இதுதான்: மாடு மிதித்து உடைந்த பாட்டில் விளிம்பிலும் கருவியில் இருப்பதைப் போலவே சின்னச் சின்னதாகச் செதில் பெயர்ந்த தடங்கள், அதாவது பெயர்வுகள், விழும். பெயர்வுகளின் வரிசை, வடிவம், விளிம்பின் தேய்மானம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் எது கைவேலை, எது குளம்பு பட்டது என்று பிரிக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டுப் பிரித்ததை நாம் ஒரே பெயரில் மறுபடி கலந்துவிடக் கூடாது.

ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் உள்ள கிம்பர்லி பகுதியின் ஈட்டிமுனைகளைப் படத்திலாவது பாருங்கள். முன்பு கல்லில் செய்ததையே, அதே முறையில், எலும்பு முனையால் ஓரத்தை அழுத்தி அழுத்திச் செதில் பெயர்த்து, பாட்டில் கண்ணாடியில் செய்தார்கள். விளிம்பு ரம்பப் பல் மாதிரி இருக்கும். 1872இல் அடிலெய்டுக்கும் டார்வினுக்கும் இடையே தந்திக்கம்பி போட்டு முடித்த பிறகு கம்பத்தில் கம்பியைத் தாங்கிய பீங்கானும் ஈட்டிமுனை ஆனது. மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் உள்ள ராட்னஸ்ட் தீவில் 1838 முதல் பூர்வகுடிகளைக் கைதிகளாக அடைத்து வைத்தார்கள், அங்கேயும் கண்ணாடி ஈட்டிமுனைகள் கிடைத்திருக்கின்றன. ஊரையும் உறவையும் பிரித்துக் கடல் தாண்டிக் கொண்டுபோய் வைத்த இடத்திலும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. அதற்குச் 'சில்லு' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

'செதுக்கு கண்ணாடி' என்று இன்னொரு மடலில் வந்ததைப் படித்ததும் பூவேலை செய்த கதவுக் கண்ணாடிதான் கண்முன் வந்தது. அதுவும் சரிப்படாது.

என் பரிந்துரை 'கண்ணாடிச் செதில்கருவி'. கல்லுக்குச் 'செதில் கருவி' என்று ஏற்கெனவே எழுதுகிறோம், அதனால் மாறியது மூலப்பொருள் மட்டும்தான், தொழில் தொடர்ந்தது என்று பெயரே சொல்லிவிடும். செதில் எடுத்துச் செய்த கருவி, பெயர்ந்த செதிலே கருவியானது, இரண்டையும் இந்தக் கூட்டுச்சொல் தாங்கும். வேறுபடுத்த வேண்டிய இடத்தில் விரித்து எழுதிக்கொள்ளலாம்.

அப்புறம் ஒன்று. செதில் எடுத்த பிறகு மிஞ்சுகிற தடித்த பாட்டில் அடிப்பாகத்துக்கு என்ன சொல்வது? கல்லில் அப்படி மிஞ்சுவதற்குச் சொல்லும் 'கருக்கல்' பொருந்தாது, இது கல் இல்லையே. 'கரு' என்று மட்டும் வைத்தால் போதுமா?