மறு: சூடேறினால் வேகம் குறையும் மடிக்கணினி – ‘தணிநடை’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சூடேறிய கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்வதை ஆங்கிலத்தில் ‘தெர்மல் த்ராட்லிங்’ (thermal throttling) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடி மூன்று நாளாக ஓடும் இந்த இழையை இன்று மதியம்தான் முழுக்கப் படித்தேன். வெப்பத்தடை, வெப்ப நெரிப்பு, சூட்டுத் தளர்வு என்று இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், இந்தச் சொல் எனக்கு ஏன் அவசரமாகத் தேவைப்படுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

திருப்பூரில் அக்கா மகன் சின்னதாக ஒரு நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறான். மிஷின் ஓடும் கூடத்தை ஒட்டியே ஆபீஸ் அறை. சித்திரை மாதம் எனக்குப் போன் செய்து, “மாமா, லேப்டாப் காலையில நல்லா ஓடுதுங்க, பதினொரு மணிக்கு மேல நகரவே மாட்டேங்குதுங்க” என்றான். அதற்கு முன்பே ஒரு கடையில் காட்டியிருக்கிறான். “ஸ்லோ ஆகுதுன்னா ரேம் பத்தலைன்னு அர்த்தம்” என்று சொல்லி 8 ஜிபி ரேம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பணம் போனதுதான் மிச்சம், மறுநாளே பழைய கதை.

நான் போய்ப் பார்த்தபோது நினைவகத்தில், அதாவது ரேமில், பாதிக்கு மேல் காலியாக இருந்தது. டாஸ்க் மேனேஜரில் நுண்செயலியின் வேகத்தைப் பார்த்தால் 3.2 கிகாஹெர்ட்ஸிலிருந்து 0.9க்கு இறங்கிக் கிடந்தது. பின்மூடியைக் கழற்றினோம். காற்றாடிக்கும் சூட்டை வெளியேற்றும் செம்புத் தகடுகளுக்கும் இடையில் பஞ்சு படிந்து, தைத்து வைத்த துணி மாதிரி ஒரு அடுக்கு. விரலால் அப்படியே உரித்து எடுத்தேன்.

(பிராசசரை நுண்செயலி என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். செயலி என்றால் இன்று பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மொபைலில் இறக்கும் ஆப்தான் நினைவுக்கு வருகிறது. அந்தச் சொல்லை நாம் விட்டுக்கொடுத்தாயிற்று.)

‘ஸ்லோ ஆகுது’, ‘ஹேங் ஆகுது’ என்ற இரண்டு சொல்லுக்குள் எல்லா நோயையும் போட்டுக் கட்டிவிடுகிறோம். பயன்படுத்தப் பயன்படுத்த மெதுவாகிற மடிக்கணினிக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றுதான் இருக்கும். ஒன்று சூடு. இன்னொன்று, ஏதோ ஒரு நிரல் நினைவகத்தை வாங்கிக்கொண்டே போய்த் திருப்பித் தராமல் இருப்பது. மறுதொடக்கம் செய்து பார்த்தாலே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். நினைவகச் சிக்கல் என்றால் மறுதொடக்கம் செய்ததும் கணினி புதிதுபோல் ஓடும், தொல்லை திரும்பி வரச் சில மணி நேரமாவது ஆகும். சூடு என்றால், கனமான வேலை கொடுத்த சில நிமிடத்திலேயே மறுபடி இறங்கிவிடும். நோய்க்குத் தனிப் பெயர் இருந்திருந்தால் கடைக்காரரிடம் அக்கா மகன் அதைச் சொல்லிக் கேட்டிருப்பான், ரேம் வாங்கியிருக்க மாட்டான்.

இரண்டாவதற்கு ‘நினைவகக் கசிவு’ என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். ஆனால் எனக்கு அது முழுக்கப் பொருந்தியதாகத் தோன்றியதில்லை. எதுவும் கசிந்து ஓடுவதில்லை, வாங்கியது திரும்பி வராமல் கிடக்கிறது. வங்கிக்காரர்கள் வாராக்கடன் என்கிறார்களே, அதுபோல ‘வாரா நினைவகம்’ என்று முதலிலேயே வைத்திருக்கலாம். சரி, அது வேறு இழைக்கு.

இப்போது சூட்டுக்கு வருவோம். உள்ளே நடப்பது இதுதான். பல மடிக்கணினி நுண்செயலிகளுக்கு 100 டிகிரி செல்சியஸை ஒட்டி ஒரு வரம்பு உண்டு. அதை நெருங்கியதும் நுண்செயலி தன் துடிப்பு வேகத்தையும் (கிகாஹெர்ட்ஸில் சொல்கிறோமே, அது) மின்னழுத்தத்தையும் தானே குறைத்துக்கொள்கிறது. அது தின்னும் மின்திறன் வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறி இறங்குவது என்பதால், இரண்டையும் கொஞ்சம் குறைத்தாலே சூடு கணிசமாக இறங்கும். இறங்கியதும் மறுபடி வேகம் ஏறும், சூடும் ஏறும், திரும்பக் குறையும். இவ்வளவு செய்தும் சூடு அடங்காமல் அதற்கு மேலும் ஏறினால் கணினி ஒரேயடியாக அணைந்துவிடும். கோயம்புத்தூர் மோட்டார்க்காரர்களுக்கு இந்த வேறுபாடு உடனே புரியும். ஓவர்லோடு ரிலே டிரிப் ஆகி மோட்டார் நின்றுபோவது வேறு, மோட்டார் வேகம் குறைத்து ஓடுவது வேறு. நமக்குச் சொல் வேண்டியது இரண்டாவதற்கு.

இனி வந்த சொற்கள்.

வெப்பத்தடை என்பது இயற்பியலில் வேறொன்றுக்கு ஏற்கெனவே உள்ள பெயர். வெப்பம் ஒரு பொருள் வழியாகக் கடந்து போவதற்கு எவ்வளவு தடை இருக்கிறது என்ற அளவு அது. தகடுகளில் பஞ்சு அடைத்தாலோ, நுண்செயலிக்கு மேல் சூட்டைக் கடத்தத் தடவிய பசை காய்ந்தாலோ அந்த அளவு கூடுகிறது. அறையின் சூட்டுக்கு மேல் நுண்செயலி எவ்வளவு சூடாகும் என்பதை முடிவு செய்வதே அதுவும் மின்திறனும்தான். காலையில் ஓடிய கணினி பதினொரு மணிக்கு மேல் படுத்ததும் அதனால்தான். அறை 10 டிகிரி ஏறினால் உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். இதையே வேகம் குறைவதற்கும் பெயராக வைத்தால், “பஞ்சு அடைத்து வெப்பத்தடை கூடியதால் வெப்பத்தடை ஏற்பட்டது” என்று எழுத வேண்டி வரும்.

நெரிப்பு என்பது throttle என்ற ஆங்கிலச் சொல்லின் வேரைப் பிடித்து வந்தது. அங்கே தொண்டைக்கும் அந்தச் சொல்லுக்கும் உறவு உண்டு, நமக்கு இல்லை. நெரிப்பது என்றால் தமிழில் கொல்லப் பார்ப்பது. இங்கே நுண்செயலி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

சூட்டுத் தளர்வு சொன்ன ஈரோட்டு அக்கா மன்னிக்க வேண்டும். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2020 ஊரடங்குக்குப் பிறகு தளர்வு என்றால் கட்டுப்பாட்டை நீக்குவது என்று எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது, நமக்கு வேண்டியதோ கட்டுப்படுத்துவது. தவிர, தளர்ந்துபோனது என்றால் இயந்திரம் வலுவிழந்துவிட்டதாகவும் படுகிறது. இந்தக் கணினிக்கு வலு அப்படியே இருக்கிறது.

என் முன்மொழிவு: தணிநடை.

அப்பாரு காங்கேயம் மாடு பூட்டிக் கண்ணபுரம் சந்தைக்குப் போவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். விடிகாலையில் ஓட்டம். வெயில் ஏறி மாட்டுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் கயிற்றை இழுத்துப் பிடித்து நடையில் விடுவார். புளியமர நிழலில் கொஞ்ச தூரம் போய் மாடு ஆறியதும் மறுபடி ஓட்டம். ‘ஓட்டமும் நடையுமாக’ என்று நாம் சொல்வது இதைத்தான். மேலே சொன்ன நுண்செயலியின் போக்கும் அச்சாக இதேதான். வேகம் குறைவது மாட்டின் குற்றமும் இல்லை, வண்டி கெட்டுப்போனதும் இல்லை.

இலக்கணத்தில் ஊறுகாய், சுடுநீர் போல வினைத்தொகை. தணிந்த நடை, தணிகின்ற நடை, தணியும் நடை, மூன்றும் அடங்கும். முன்னால் காரணத்தைச் சேர்த்தால் வெப்பத் தணிநடை. இதை ‘வெப்பத்தணி நடை’ என்று பிரித்து, வெப்பத்தைத் தணிக்கும் நடை என்று ஒருவர் படித்தாலும் பொருள் கெடாது, அதற்காகத்தானே குறைக்கிறது! மின்கலம் இறங்கியதால் வேகத்தைக் குறைத்தால் மின் தணிநடை. அன்றைக்குரிய 2 ஜிபி தீர்ந்ததும் இணையம் ஊர்கிறதே, அது இணையத் தணிநடை. ஒரே சொல் மூன்று இடத்துக்கும் உதவுகிறது, வெப்பத்தை மட்டும் வைத்துக் கட்டிய சொற்களுக்கு அது முடியாது.

நடை என்றால் உரைநடை நினைவுக்கு வருமே என்று கேட்கலாம். லாரி ரெண்டு நடை மண் அடித்தது என்றும்தான் சொல்கிறோம், யாரும் குழம்புவதில்லை. முன்னால் தணி நிற்பதே போதும்.

அக்கா மகனிடம் சொல்லிப் பார்த்தேன். அடுத்த வாரமே, “பக்கத்து யூனிட்லயும் ஒரு லேப்டாப் தணிநடைல போகுதுங்க மாமா, பஞ்சுதான்” என்றான். விளக்கம் கேட்காமல் அவனே வினையோடு சேர்த்துப் பேசியதைத்தான் நான் பெரிய சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம், இதைப் படிக்கும் மில், நிட்டிங் பக்கத்து நண்பர்கள் கம்ப்ரசர் ஏர் கன்னை நேராக மடிக்கணினிக்குள் பிடிக்காதீர்கள். காற்றோடு ஈரமும் சேர்ந்து வரும், காற்றாடியும் தாறுமாறாகச் சுற்றிக் கெட்டுவிடும். கணினியை அணைத்து, மின்கலத்தின் இணைப்பை எடுத்துவிட்டு, காற்றாடியை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு தூரிகையால் எடுங்கள்.

மென்பொருளின் மொழிபெயர்ப்புக் கோப்பில் இந்தச் சரத்தை, அதாவது திரையில் வரும் இந்த அறிவிப்பு வரியை, இப்படி இடலாம் என்று நினைக்கிறேன்: “சூடு மிகுந்ததால் கணினி தணிநடையில் இயங்குகிறது. காற்றுத் துளைகளைப் பாருங்கள்.” மாற்றுக் கருத்து இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று கோப்பை ஏற்ற வேண்டும்.

அன்புடன்,
பல்லடத்திலிருந்து