தலையில் அடிபட்ட பிறகு தூரம் (மாதவிலக்கு) நின்றுபோனது: உங்களில் யாருக்காவது?

போன ஐப்பசி மழையில் வேளச்சேரியில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தேன். பின்னந்தலையில் நல்ல அடி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு 31 வயது. 28 நாள் கணக்கு பிசகியதே இல்லை. அந்த மாதம் தள்ளிப்போனதும் மாமியார் முகத்தில் ஒரு மலர்ச்சி. சோதித்தால் கர்ப்பம் இல்லை. அவருக்கு எப்படிச் சொல்வது என்று தவித்தது இன்னும் நினைவிருக்கிறது. பொங்கல் வந்தும் தூரம் வரவில்லை. எழுந்ததுமே அசதி, சென்னை மார்கழிக்கே தாங்காத குளிர். மகளிர் மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். விழுந்ததை நான் சொல்லவே இல்லை. தலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நரம்பியல் மருத்துவரிடம் பீரியட்ஸ் பற்றிப் பேசக் கூச்சம். கூட வந்த அக்காதான் போட்டு உடைத்தாள்.

அவர் படம் வரைந்து காட்டினார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவு பிட்யூட்டரி சுரப்பி, மெல்லிய காம்பில் தொங்குகிறது. தலை பலமாகக் குலுங்கினால் அந்தக் காம்போ அதன் ரத்த ஓட்டமோ பாதிக்கப்படலாம். சினைப்பையை வேலை செய்ய வைக்கும் எஃப்எஸ்எச், எல்எச் என்ற ஹார்மோன்கள் அங்கிருந்துதான் வருகின்றன. எனக்கு இரண்டுமே குறைவு, ஈஸ்ட்ரோஜனும் குறைவு. தைராய்டைத் தூண்ட பிட்யூட்டரி அனுப்பும் டிஎஸ்எச் மட்டும் பார்த்திருந்தால் தைராய்டு நார்மல் என்றே வந்திருக்கும். தைராய்டு சுரக்கும் ஹார்மோனையே அளக்கும் ஃப்ரீ டி4தான் குறைவைக் காட்டிக்கொடுத்தது. தைராய்டு மாத்திரை தொடங்கும் முன் காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்து, அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனான கார்ட்டிசாலும் பார்த்தார்கள். அது குறைவாக இருப்பது தெரியாமல் மாத்திரை தொடங்கினால் ஆபத்தாம். நல்லவேளை, சரியாக இருந்தது.

விழுந்து ஏழாம் மாதம் தூரம் வந்தது. முதலில் அக்காவுக்குத்தான் போன் போட்டேன்.

*

வேளச்சேரி தங்கைக்கு, என் மகள் கதை கொஞ்சம் வேறு. 19 வயது. பெரம்பூரில் மாடிப்படியில் விழுந்து தலையில் அடி. இரண்டு மாதம் விலக்காகவில்லை, மார்பில் பால் கசிந்தது. கல்யாணமாகாத பெண், பயந்தே போனோம். ரத்தத்தில், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கூடுதல். டாக்டர் மாத்திரை அட்டைகளையெல்லாம் கொண்டுவரச் சொன்னார். அடிபட்டபோது வாந்திக்குக் கொடுத்த டொம்பெரிடோனை, குமட்டல் வரும்போதெல்லாம் நாங்களே வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். புரோலாக்டினை ஏற்றுவது அதன் குணமாம். நிறுத்தியதும் பால் நின்றது, அப்புறம் ஒன்றரை மாதத்தில் விலக்கும் ஆனாள். அந்த அட்டைகளை எடுத்துப் போகாமல் இருந்திருந்தால் எவ்வளவு அலைந்திருப்போமோ.