ஏ லெவலில் மூன்றாவது பாடம்: கணக்கா, சட்டமா?

வணக்கம். மகள் இந்தக் கோடையில் ஜிசிஎஸ்இ (இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) முடிக்கிறாள், செப்டம்பரில் சிக்ஸ்த் ஃபார்ம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முன் ஏ லெவல் படிக்கும் கடைசி இரண்டு பள்ளி ஆண்டுகள். பல்கலைக்கழகத்தில் சட்டம்தான் என்று உறுதியாக இருக்கிறாள். வரலாறும் ஆங்கில இலக்கியமும் முடிவாகிவிட்டன. மூன்றாவதில்தான் குழப்பம்.

ஏ லெவலில் சட்டம் படித்திருக்க வேண்டும் என்று ஆக்ஸ்ஃபோர்டோ கேம்பிரிட்ஜோ கேட்பதில்லை. சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான எல்நாட்டுக்கும் சட்ட அறிவு தேவையில்லை. வாசித்துப் புரிந்துகொண்டு பதில் சொல்ல வேண்டும், அப்புறம் 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை. அதனால் அவளுக்கு நன்றாக வரும் கணக்கே மேல் என்று எனக்குப் படுகிறது. அவளோ, சட்டம் தனக்குப் பிடிக்குமா என்று முன்பே தெரிந்துகொள்ளலாமே என்கிறாள். அதிலும் நியாயம் இருக்கிறது.

இரண்டு கட்டுரைப் பாடங்களோடு கணக்கும் எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சுமை எப்படி இருந்தது? இங்கே சட்டம் படிக்கும் பிள்ளைகள் சொன்னால் இன்னும் நல்லது, அவளிடமே காட்டிவிடுவேன்.